மென்மையான வண்டிப் பூச்சை மெருகேற்றுதல்

கறுப்பு நிற மோட்டார் வண்டி ஒன்றைக் கொட்டகையில் எரியும் ஒற்றை விளக்கின் கீழ் நிறுத்திப் பார்த்தால், விளக்கின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலை போன்ற மெல்லிய வட்டக் கோடுகள் தோன்றுவதைக் காணலாம். துடைத்தவர் கையை வட்டமாகச் சுழற்றியதனால் இவை உண்டாயின என்று பலரும் கருதுவர். அக்கருத்துப் பொருந்தாது. விளக்கை இடம் மாற்றினால் வட்டங்களும் உடன் நகர்கின்றன, கீறல்களோ நகரமாட்டா. உண்மையில் பூச்சின் மேற்பரப்பில் எல்லாத் திசைகளிலும் எண்ணற்ற நுண்கீறல்கள் கிடக்கின்றன. ஒவ்வொன்றும் ஒரு சிறு வாய்க்கால் போன்றது. தன்மேல் விழும் ஒளியைத் தன் நீளத்திற்குக் குறுக்காகவே விசிறிபோல் பரப்புகிறது. ஆகையால், பிம்பத்தைச் சுற்றி வரையும் வட்டத்தோடு ஒட்டிக் கிடக்கும் கீறல்கள் மட்டுமே நம் கண்ணுக்கு ஒளியை அனுப்புகின்றன; ஏனையவை மறைந்து நிற்கின்றன. நாரும் சாம்பலும் கொண்டு துலக்கிய எவர்சில்வர் தட்டை விளக்கின் எதிரே பிடித்தாலும் இதே காட்சி கிடைக்கும். வகுப்பறைக்கு இதைவிட எளிய கருவி வேண்டுவதில்லை.

அரசாங்க வண்டிகளுக்கு நெடுங்காலம் வெள்ளை நிறமே பெருவழக்காயிருந்தமையால் இக்குறை பலர் கண்ணில் படவில்லை. வெள்ளைப் பூச்சிலுள்ள நிறப்பொருளே ஒளியை மிகுதியாகச் சிதறடிப்பதால், கீறல் சிதறும் சிறிதளவு ஒளி அதனுள் கரைந்துவிடுகிறது. கறுப்பில் அவ்வாறு மறைவதற்கு இடமில்லை.

இக்கீறல்களைப் போக்க முற்படுபவர், அவற்றினும் மிகுதியான புதுக் கீறல்களை உண்டாக்கிவிடுவது வழக்கமாகக் காணப்படும் விபத்து. பூச்சு மென்மையானதாயின் இவ்விபத்து ஏறக்குறைய உறுதி. காரணத்தை அறிந்தால் தவிர்க்கும் வழியும் விளங்கும்.

மெருகேற்றுதல் என்பது கீறல்களை அறவே நீக்குவதன்று. பெரிய கீறல்களைத் தேய்த்து, அவ்விடத்தில் கண்ணுக்குப் புலனாகாத சிறு கீறல்களை விட்டுவைப்பதேயாகும். 1704-இல் வெளிவந்த தம் ஒளியியல் நூலில் நியூட்டன் இதனைத் தெளிவாகக் கூறியுள்ளார். தொலைநோக்கியின் உலோக ஆடியை அவர் மெருகேற்றிய முறையும் அந்நூலில் உள்ளது. செம்புத் தட்டின்மேல் கீலைப் பூசி, அதன்மேல் நன்கு கழுவிப் பெருமணிகள் நீக்கிய வெள்ளீய ஆக்சைடுப் பொடியைத் தூவினார். உடனே ஆடியை அதன்மேல் வைத்துவிடவில்லை. முதலில் வேறொரு செம்புத் துண்டினால், உராயும் ஓசை அடங்கும் வரையில் பொடியை அரைத்தார். அதன் பின்னரே ஆடியை வைத்தார். ஓசை எழுப்புபவை பெரிய மணிகள். அவை உடைந்தோ கீலில் அமிழ்ந்தோ போன பிறகு எல்லா மணிகளும் ஏறக்குறைய ஒரே மட்டத்தில் நிற்கின்றன; அழுத்தம் யாவற்றின்மீதும் பகிர்ந்து விழுகிறது.

பூச்சு மெருகேற்றுபவர் மனத்திற் கொள்ள வேண்டிய செய்தி இதுவே. கீறலின் அளவை நிர்ணயிப்பது பொடியின் பெயரோ விலையோ அன்று. ஒவ்வொரு மணியின்மேலும் விழும் பளுவே. ஒரு மணி பூச்சில் பதியும் பரப்பு, அதன் மேலுள்ள பளுவுக்கு நேர்விகிதத்திலும் பூச்சின் கடினத்திற்குத் தலைகீழ் விகிதத்திலும் அமையும். கடினம் பாதியாகக் குறைந்தால், அதே மணி, அதே பளுவில், இருமடங்கு பரப்புக்குப் பதியும். கீறலின் அகலம் ஏறத்தாழ 1.4 மடங்காகும். பழைய அகலமே வேண்டுமாயின் பளுவைப் பாதியாக்குதல் வேண்டும். கடினப் பூச்சில் கைதேர்ந்த தொழிலாளி மென்பூச்சில் தோல்வியுறுவதற்கு இதுவே காரணம்: அவர் தம் வழக்கமான அழுத்தத்தையே இங்கும் கொடுக்கிறார்.

எந்தப் பூச்சு மென்மையானது? தொழிற்சாலையில் ஏறத்தாழ 140 பாகை வெப்பத்தில் சூளையிடப்பட்ட பூச்சுக்கும், விபத்திற்குப் பின் பட்டறையில் மறுபடி அடித்துக் காற்றில் உலரவிட்ட பூச்சுக்கும் வேறுபாடு மிகுதி. பின்னது சில வாரங்கள் வரை மென்மையாகவே இருக்கும்; தொட்டால் ஒட்டாது என்பதனால் முற்றிலும் இறுகிவிட்டது என்று கொள்ளலாகாது. வெயிலில் நின்ற கறுப்பு வண்டியின் முன்மூடி கைவைக்க இயலாதபடி சூடேறும். அந்நிலையில் கடினப் பூச்சும் தளர்ந்துவிடும். எனவே வேலை நிழலில், தகடு குளிர்ந்த பின்னரே தொடங்கப்பட வேண்டும். சோதித்தறிய விரும்புவோர், அதே பூச்சு அடித்த கழிவுத் தகடு ஒன்றைப் பெற்று, முனையைத் தட்டையாகத் தேய்த்த பென்சில்களை 45 பாகைச் சாய்வில் தள்ளிப் பார்க்கலாம். பூச்சைக் கீறாத பென்சில்களுள் கடினமானது எதுவோ அதுவே அப்பூச்சின் அளவு. பூச்சுத் தொழிலில் உண்மையாகவே வழங்கும் சோதனை இது. வண்டியின்மேல் இதனைச் செய்து பார்க்கவேண்டாமென்று மாணவர்க்கு முன்கூட்டியே சொல்லி வைப்பது நலம்.

இன்னொரு செய்தியையும் முதலிலேயே அறிதல் வேண்டும். 1923-இல் அமெரிக்காவின் ஓக்லண்ட் வண்டிகளில் 'டூகோ' என்னும் நைட்ரோ செல்லுலோஸ் பூச்சு அறிமுகமாயிற்று. அப்பெயர் நம் நாட்டுப் பட்டறைகளில் வண்டிப் பூச்சு முறைக்கே பொதுப்பெயராக நிலைத்துவிட்டது. அவ்வகையில் நிறமும் பளபளப்பும் ஒரே பூச்சில் இருந்தன. இக்கால வண்டிகளில் நிறப்பூச்சின்மேல் தெளிபூச்சு ஒன்று தனியாக உண்டு. துணியில் வண்டியின் நிறம் ஒட்டினால் பழைய முறை, ஒட்டாவிடில் தெளிபூச்சு. தெளிபூச்சின் தடிப்புப் பொதுவாக 35 முதல் 50 மைக்ரான் வரை. ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. புற ஊதாக் கதிரைத் தடுக்கும் பொருள் இதனுள்தான் கலந்துள்ளது. மெருகேற்றும் ஒவ்வொரு முறையும் இதில் ஒரு பகுதி தேய்ந்து போகிறது. போனதை மெழுகு திருப்பித் தராது. விளிம்புகளிலும் மடிப்புகளிலும் பூச்சு இயல்பாகவே மெல்லியது. அவ்விடங்களை ஒட்டுநாடாவினால் மூடிவிடுக.

வேலையின் முதற்படி கழுவுதல். தெருப்புழுதியில் குவார்ட்ஸ் மணல் உண்டு; மோஸ் அளவையில் அதன் கடினம் 7. எவ்வளவு நுண்ணிய பொடியைக் கையாண்டாலும், அத்தகைய மணி ஒன்று திண்டினடியில் சிக்கினால் உழைப்பு வீணாகும். தண்ணீரை மிகுதியாக ஊற்றிப் புழுதியை ஓடவிட்டு, பிறகே சோப்பு நீரும் துணியும் தொடவேண்டும். இரண்டு வாளிகள் தேவை: ஒன்று சோப்பு நீருக்கு, மற்றது துணியை அலசுவதற்கு. தரையில் விழுந்த துணியை உதறி மறுபடி எடுப்பவரை இவ்வேலைக்கு விடலாகாது. இதில் கண்டிப்பு மிகையாகாது.

மெருகுத் திண்டு, நியூட்டனின் கீல் செய்த பணியைச் செய்கிறது. மென்மையான நுரைத் திண்டில் உயர்ந்து நிற்கும் மணி உள்ளே அமிழ்ந்து, தன் பளுவை அண்டை மணிகளுக்குப் பகிர்ந்தளிக்கிறது. கம்பளித் திண்டின் இழைகளோ தாமே மென்பூச்சில் தடம் பதிக்கக்கூடும். பொடி மிக நுண்ணிய அலுமினிய ஆக்சைடாக இருக்கட்டும். கதவின் ஒரு மூலையில் ஒரு சாண் சதுரம் மட்டும் செய்து, விளக்கில் நோக்கிய பின் மேலே செல்க. ஓரச்சில் மட்டும் சுழலும் பொறி ஒரே போக்கில் தடம் விடும். சுழற்சியோடு அலைவும் சேர்ந்த பொறி தடங்களைக் கலைத்துவிடுவதால் மென்பூச்சுக்கு உகந்தது. கடைசி இரண்டு முறைகளில் பொறியின் சொந்த எடைக்கு மேல் கை அழுத்தம் கூடாது.

பலர் கவனியாத ஒன்று, கழிவு. தேய்ந்த பூச்சு பொடியோடும் எண்ணெயோடும் சேர்ந்து திண்டில் திரண்டு, சிறு உருண்டைகளாகிறது. அவ்வுருண்டையின் மேல் பளு குவிகிறது. கீலில் அமிழாத பெருமணியின் நிலைதான் அதற்கும். மென்பூச்சு விரைவாகத் தேய்வதால் கழிவும் விரைவாகச் சேரும். ஆகவே ஒவ்வொரு பகுதி முடிந்ததும் திண்டைத் தூரிகையால் துலக்குக. ஈரமும் சூடும் ஏறியதை மாற்றுக. எஞ்சிய மெருகுக் குழம்பை உலரவிட்டுச் சுரண்டுவதைவிட, ஈரமாயிருக்கும்போதே தூய நுண்ணிழைத் துணியால் அழுத்தாமல் எடுப்பது மேல். இறுதி நேரத்துக் கீறல்களில் பல இத்துடைப்பிலேயே உண்டாகின்றன.

விளக்கில் மேற்பரப்புத் தெளிவாகத் தோன்றினாலும் உடனே நம்பவேண்டாம். மெருகுக் குழம்பிலுள்ள எண்ணெயும் மெழுகும் கீறல்களை நிரப்பி மறைத்திருக்கக்கூடும். சில கழுவுதலுக்குப் பின் அவை மீண்டும் வெளிப்படும். சோப்பு நீரால் ஒருமுறை கழுவி, உலர்ந்தபின் பார்ப்பதே சரியான சோதனை. பட்டறைகளில் கையாளும் ஆல்கஹால் கலவை, புதுப்பூச்சை ஊறி இளகச் செய்யலாம். அங்கே சோப்பு நீரே போதும். விரல் நகம் தட்டும் ஆழமான கீறலை அப்படியே விட்டுவிடுக. அதன் அடியைத் தொடுமளவு தேய்த்தால் தெளிபூச்சின் பெரும்பகுதி போய்விடும்.

பள்ளியிலோ பணிமனையிலோ இதனைச் செய்து காட்ட விரும்புவோர், கறுப்புப் பூச்சுத் தகடு ஒன்றை மெருகேற்றி, நடுவே ஒட்டுநாடாவால் பிரித்துவிடலாம். ஒரு பாதியை நாள்தோறும் காலையில், ஓட்டுநர்கள் வழக்கமாகச் செய்வதுபோல், உலர்ந்த துணியால் துடைக்கவும்; மறுபாதியைப் புழுதியோடு விட்டு, வாரம் ஒருமுறை நீரூற்றிக் கழுவவும். ஒரு மாதம் சென்றபின் இரண்டையும் ஒரே விளக்கின் கீழ் வைத்து, எப்பாதியில் வட்டங்கள் தோன்றுகின்றன என்பதை மாணவர்களே குறித்துக்கொள்ளட்டும்.