ஒரு வாரம் நடக்க எந்தப் பாதை?

கேள்வி: பிரிட்டனில் ஒரு வாரம் தொடர்ந்து நடக்க ஆசை. இதுதான் முதல்முறை. பென்னைன் வே சரிப்படுமா?

பதில்: அது சுமார் 430 கி.மீ.; ஒரு வாரத்தில் முடிகிற காரியமல்ல. ஹேட்ரியன் சுவர்ப் பாதையில் தொடங்குங்கள். வால்ஸெண்டிலிருந்து மேற்குக் கடலோரம் வரை 135 கி.மீ. வழி நெடுக, கி.பி. 122-இல் ரோமானியர் கட்டத் தொடங்கிய சுவர் தெரியும் என்று நம்பிவிடாதீர்கள். நியூகாஸிலில் நகரத்து நடைபாதைதான். ஸ்டீல் ரிக் பக்கம் போனால்தான் பாறை முகடுகளில் சுவர் ஏறி இறங்குவதைப் பார்க்கலாம். முழங்கால் கெஞ்சும், அங்கே நாளுக்கு 15 கி.மீ. போதும். குளிர்காலம் வேண்டாம். ஈர மண்ணை மிதித்தால் அடியிலுள்ள ரோமானிய எச்சங்கள் சிதையும். இங்கிலாந்தில் பொதுவாக நில உரிமையாளரைக் கேட்காமல் கூடாரம் அடிக்க முடியாது. தங்குமிடங்களை முன்பே பதிவு செய்துவிடுங்கள்.