பாடு கற்பிக்கும் பாடம்



"இந்தக் காலத்தில் அடுத்தவர் கஷ்டத்தை யார் நினைக்கிறார்கள்?" என்று பெரியவர்கள் அலுத்துக்கொள்வதைக் கேட்டிருப்பீர்கள். அது மெய்தானா? பிறர் நிலையில் நம்மை வைத்து உணரும் ஆற்றலை ஒத்துணர்வு என்பார்கள். இதை அளக்க முடியுமா?

ஓரளவு முடியும். வாதத்தில் எதிராளியின் பக்கத்தையும் எண்ணிப் பார்ப்பீர்களா, துன்பப்படுவோரைக் கண்டால் மனம் இளகுமா என்பன போன்ற கேள்விகளை உளவியலார் கேட்டு, விடைகளுக்கு மதிப்பெண் இடுகிறார்கள். சாரா கொன்ராத் என்ற அறிஞரும் அவர் குழுவினரும், 1979 முதல் 2009 வரை அமெரிக்கக் கல்லூரி மாணவர் ஏறக்குறைய 14,000 பேரிடம் நடந்த 72 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தனர். மதிப்பெண் இறங்கியிருந்தது. பெரியவர்கள் சொன்னது சரி என்றே தோன்றியது.

ஆனால் 2018 வரை கணக்கை நீட்டியபோது, 2008-ஐ ஒட்டி அது மீண்டும் ஏறத் தொடங்கியிருந்தது. கைபேசி பெருகியதும் அந்த ஆண்டுகளில்தான். எனவே பழியை எல்லாம் கைபேசி மேல் போட்டுவிட முடியாது. ஒத்துணர்வு இறங்கவும் ஏறவும் கூடியது. இதுவே நாம் கவனிக்க வேண்டிய செய்தி.

அப்படியானால் அதை வளர்ப்பது எப்படி? சென்னைக்கு வடக்கே உள்ள பழவேற்காடு ஏரிக்குப் போவோம். இந்தியாவின் உவர்நீர் ஏரிகளில் சிலிக்காவுக்கு அடுத்த பெரிய ஏரி இது. இதன் கரையில் உள்ள கோட்டைக்குப்பம் போன்ற மீனவ ஊர்களில் 'பாடு' என்ற பழைய முறை உண்டு. ஏரியில் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இறால் கிடைப்பதில்லை. வலிமை உள்ளவரே நல்ல இடத்தைப் பிடித்துக்கொண்டால் மற்றவர் கதி என்ன? ஆகவே, யார் எந்த நாளில் எந்த இடத்தில் வலை கட்டுவது என்று முறை வைத்துக்கொள்கிறார்கள். இன்று நல்ல இடத்தில் நிற்பவர் நாளை மோசமான இடத்தில் நிற்க வேண்டும். வெறும் வலையுடன் திரும்புகிறவரின் மனநிலையை அவருக்கு யாரும் விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. பாடு என்றால் முறை; பாடு என்றால் துன்பமும்தானே!

இதற்கும் ஓர் எல்லை உண்டு. பாட்டு உரிமை மரபுப்படி பிறப்பால் வருவது. கையால் தடவி இறால் பிடிக்கும் இருளர் போன்றோருக்கு அதில் இடமில்லை. முகத்துவாரத்தை மணல் அடைத்து மீன் குறையும் நாளில், உள்ளே இருப்பவர் வெளியே இருப்பவரை மறப்பது எளிது. நம் ஒத்துணர்வும் இப்படித்தான்: 'நம்மவர்' என்ற கோட்டுக்குள் பெருகும், கோட்டைத் தாண்டினால் வற்றும்.

கோட்டை அகற்ற வழி உண்டா? 1954-இல் கார்டன் ஆல்போர்ட் என்ற உளவியலார் நான்கு நிபந்தனைகளைக் கூறினார்: இரு தரப்பும் சமநிலையில் இருக்க வேண்டும், குறிக்கோள் பொதுவாக இருக்க வேண்டும், சேர்ந்து உழைக்க வேண்டும், அதற்கு ஊரோ சட்டமோ துணை நிற்க வேண்டும். வெறுமனே சந்தித்துக்கொண்டால் போதாது.

செய்து பாருங்கள்: உங்கள் வகுப்பில் முதல் பெஞ்சு, கடைசி பெஞ்சு, ஜன்னலோரம் எல்லாவற்றுக்கும் ஒரு மாதம் பாடு வையுங்கள். ஒருவரையும் விட்டுவிடாதீர்கள். கடைசி பெஞ்சிலிருந்து கரும்பலகை எப்படித் தெரிகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள். மாத முடிவில் அந்தக் குறிப்புகளை எல்லோரும் சேர்ந்து படியுங்கள்.