ஏவலுக்கு விடை தரும் சிறு மொழி மாதிரி: குடியானவர்கள் அறிய வேண்டுவன

கேள்வி கேட்டால் தமிழில் விடை எழுதித் தரும் கணினிச் சாதனங்கள் இக்காலத்தில் கைப்பேசி வாயிலாகக் கிராமங்களிலும் புழங்கி வருகின்றன. பூச்சிக்கு மருந்து யாது, மனு எழுதுவது எங்ஙனம் என்று அவற்றை வினவுவோர் பலர். அவ்விடைகளை எவ்வளவு நம்பலாம் என்பதைத் தீர்மானிக்க, அச்சாதனம் உண்டாகும் விதத்தை அறிந்துகொள்ளுதல் அவசியம். அதற்குத் தமிழிலேயே நல்ல உதாரணம் ஒன்று உண்டு.

மொழி மாதிரி என்பது யாது?

ஏராளமான எழுத்துக்களைப் படிக்கச் செய்து, ஒரு சொல்லை அடுத்து எச்சொல் வரத்தகும் என்று கணிக்குமாறு பழக்கப்பட்ட எண்களின் தொகுதியே மொழி மாதிரி எனப்படும். படித்தவை புத்தகத்தைப் போல் ஏடு ஏடாக அதனுள் இருப்பதில்லை. அவற்றின் போக்கு மட்டும் எண்களாகத் தங்குகின்றது. "தென்னைக்கு எரு இடும் காலம் எது?" என்று இத்தகைய அடிப்படை மாதிரியைக் கேட்டால், விடை கூறாமல், "வாழைக்கு எரு இடும் காலம் எது?" என மற்றொரு கேள்வியை எழுதினும் எழுதும். தொடர்ந்து எழுதுவதொன்றே அது கற்றது.

காங்கயம் காளைக்கு வலிமை தீவனத்தால் வரும். நுகத்துக்குப் பணிதல் பழக்குவதால் வரும். மொழி மாதிரிக்கும் இவ்விரண்டு படிகளே உண்டு. முதலில் ஏராளமாகப் படிக்கச் செய்கின்றனர். பின்னர், ஓர் ஏவலும் அதற்குத் தக்க விடையுமாக அமைந்த ஆயிரக்கணக்கான ஜோடிகளைக் காட்டி, கேட்டதற்கு விடை கூறுமாறு பழக்குகின்றனர்.

தமிழ் லாமா

மெட்டா நிறுவனத்தார் 2023 ஜூலையில் லாமா 2 என்னும் மாதிரியை வெளியிட்டு, சில நிபந்தனைகளுக்கு உட்பட்டு எவரும் அதை இறக்கிக்கொள்ள அனுமதித்தனர். இவ்வாறு வெளியிடப்படுவனவற்றையே திறந்த மாதிரிகள் என்பர். லாமா 2 படித்தவற்றில் நூற்றுக்கு ஏறத்தாழ 90 பங்கு ஆங்கிலம். அதன் பட்டியலில் இருந்த 32,000 சொற்கூறுகளில் தமிழுக்குரியவை மிகச் சில. ஆகவே ஒரு தமிழ்ச் சொல்லையும் அது துண்டு துண்டாக்கியே கையாள நேர்ந்தது, வேலையும் தாமதப்பட்டது.

இக்குறையை நீக்க முயன்றவர் அபிநந்த் பாலச்சந்திரன். அவர் 16,000 தமிழ்ச் சொற்கூறுகளைச் சேர்த்து, தமிழ் எழுத்துக்களைப் படிக்கச் செய்து, ஏவலுக்குப் பணியவும் பழக்கி, "தமிழ் லாமா" என்னும் பெயரால் 2023 நவம்பரில் வெளியிட்டார். 700 கோடி எண்கள் கொண்டது ஒன்று. 1,300 கோடி எண்கள் கொண்டது மற்றொன்று. 2020-ல் வெளிவந்த ஜி.பி.டி. 3 என்னும் மாதிரியில் 17,500 கோடி எண்கள் இருந்தன. ஆதலால் இவற்றைச் சிறியன என்கிறோம். 700 கோடி எண்கள் கொண்டதைச் சுருக்கினால் ஏறக்குறைய 4 ஜிகாபைட் இடத்தில் அடங்கும். இணையத் தொடர்பின்றிச் சாதாரணக் கணினியிலும் மெதுவாக இயங்கும். பின்னர் 2024 அக்டோபரில் சர்வம் நிறுவனத்தார் தமிழ் உள்ளிட்ட 10 இந்திய மொழிகளுக்கென 200 கோடி எண்கள் கொண்ட அடிப்படை மாதிரி ஒன்றை வெளியிட்டனர்.

இங்கு முக்கியமாகக் கவனிக்க வேண்டியது ஒன்று. தமிழ் லாமாவைப் பழக்க உதவியவற்றுள் ஒன்று, ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தார் 2023 மார்ச்சில் வெளியிட்ட, 52,000 ஏவல்களும் விடைகளும் அடங்கிய அல்பாகா தொகுதியின் தமிழாக்கம். அத்தொகுதியை எழுதியது ஒரு பெரிய மொழி மாதிரி, தமிழாக்கியதும் யந்திரமே. நம் தோட்டங்களில் எழும் கேள்விகளை மனத்திற்கொண்டு அது தயாரிக்கப்பட்டதன்று.

பணிதல் வேறு, வழி அறிதல் வேறு

பழகிய காளை ஏவிய திசையில் செல்லும். அத்திசை சரியா என்று ஆராயாது. தென்னையைத் தாக்கும் ரூகோஸ் சுருள் வெள்ளை ஈயை எடுத்துக்கொள்வோம். இந்தியாவில் இது 2016-ல் முதன்முதலாகப் பொள்ளாச்சிப் பகுதியில் கண்டறியப்பட்டது. இது ஓலையின் அடிப்புறத்தில் சுருள் சுருளாக முட்டையிட்டுச் சாற்றை உறிஞ்சும். இது கழிக்கும் தேன் போன்ற திரவத்தின்மேல் கரும்பூசணம் படரும்.

வெள்ளை ஈ என்றால் பூச்சிமருந்து தெளிக்க வேண்டும் என்று பருத்தி முதலிய பயிர்களைப் பற்றி எழுதப்பட்டவை ஏராளம். எது மிகுதியாக எழுதப்பட்டதோ அதன் வழியே செல்வது மொழி மாதிரியின் இயல்பு. ஆகவே தென்னைக்கும் அவ்விதமே விடை வரக்கூடும். அதுவும் தெளிவான தமிழில், சந்தேகம் சிறிதும் தோன்றாத வகையில் வரும். ஆனால் தென்னையில் இவ்வீயின் குஞ்சுகளுக்குள் வளர்ந்து அவற்றை அழிக்கும் என்கார்சியா என்னும் சிறு குளவி உண்டு. கண்டபடி மருந்து தெளித்தால் இக்குளவி மடியும். ஈ மீண்டும் பெருகும். தோப்புக்காரருக்கு மருந்துச் செலவும் நஷ்டம், குளவியும் நஷ்டம். மஞ்சள் ஒட்டுப்பொறி வைத்தல், ஓலையின் அடியில் நீரை வேகமாகப் பீய்ச்சுதல், கரும்பூசணத்துக்கு லிட்டருக்கு 25 கிராம் மைதா மாவுப் பசை தெளித்தல், என்கார்சியாவைப் பாதுகாத்துப் பெருக்குதல் ஆகியவையே சிபாரிசு செய்யப்படும் முறைகள்.

அனுசரிக்க வேண்டிய முறைகள்

1. நீண்ட அரசாணையைச் சுருக்குதல், மனுவின் நகல் தயாரித்தல், ஆங்கிலக் குறிப்பின் சாரத்தை அறிதல் போன்ற காரியங்களுக்கு மொழி மாதிரியைப் பயன்படுத்தலாம். மூல ஆதாரம் கையில் இருப்பதால் பிழையைக் கண்டு திருத்த இயலும். தேதியையும் தொகையையும் மூலத்துடன் ஒப்பிட்டுப் பார்க்கத் தவறலாகாது.

2. மருந்தின் பெயர், அளவு, தெளிக்கும் காலம் ஆகியவற்றை மொழி மாதிரியின் சொல்லை மட்டும் நம்பிக் கைக்கொள்ளலாகாது. கோயம்புத்தூர் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், ஆழியார்நகர் தென்னை ஆராய்ச்சி நிலையம், வட்டார வேளாண்மை அலுவலகம் ஆகியவற்றில் விசாரித்து நிச்சயித்துக்கொள்க. 1800-180-1551 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசியிலும் கேட்கலாம்.

3. கேட்கும்பொழுது பயிர், ரகம், வயது, மண், பாசனம், ஊர் ஆகியவற்றைக் குறிப்பிடுக. "வெள்ளை ஈக்கு மருந்து என்ன?" என்றால் பொதுவான விடையே கிடைக்கும்.

4. கிராம நிர்வாக அலுவலர்கள் பட்டாதாரரின் ஆதார் எண், வங்கிக் கணக்கு முதலிய விவரங்களை இணையச் சாதனங்களில் இடலாகாது. இணையத் தொடர்பின்றிச் சொந்தக் கணினியிலேயே இயங்குவதால் எழுதியது வெளியே செல்வதில்லை என்பது சிறு திறந்த மாதிரியின் ஒரு நன்மை.

திறந்த மாதிரியை மேலும் பழக்கலாம் என்பது அதன் மற்றொரு நன்மை. அதற்கு வேண்டியது நம் நிலத்தைப் பற்றிய உண்மையான கேள்வியும் பரீட்சிக்கப்பட்ட விடையும் ஆகும். கொங்கு நாட்டுத் தோட்டங்களின் அநுபவம் பெரும்பாலும் எழுதப்படாமலே இருக்கின்றது. எழுதப்படாததை எந்த யந்திரமும் படிக்க இயலாது. ஆகவே ஒவ்வொரு குடியானவரும் பயிர், ரகம், தேதி, கண்ட பூச்சி, செய்த காரியம், அதன் பலன் ஆகியவற்றை ஒரு நோட்டுப் புத்தகத்தில் குறித்து வருதல் நலம். மொழி மாதிரிக்கு அது உதவும் காலம் வருமுன், அடுத்த பருவத்தில் அவருக்கே அது உதவும்.