பல்லைக் காட்டினால் சிரிப்பல்ல

இளம்பிள்ளையை அடுத்த கஞ்சமலைச் சித்தர் கோயிலில் அமாவாசைதோறும் கூட்டம் கூடும். பழம் வாங்க அடிவாரத்துக் குரங்குகளும் வந்துவிடும். குழந்தை பழத்தை நீட்ட, குரங்கு உதட்டை இழுத்துப் பல்லைக் காட்டும். "பாரு, சிரிக்குது!" என்று பெரியவர்கள் படம் எடுப்பார்கள்.

அது சிரிப்பே இல்லை, பயம். நம் ஊர்ப்பக்கம் காணும் நாட்டுக் குரங்கு வாயைத் திறந்து முறைத்துப் பார்த்தால் மிரட்டுகிறது. பெரிய கடுவன் கோரைப்பல் தெரியக் கொட்டாவி விடுவதும் பல நேரம் 'கிட்டே வராதே' என்பதற்குத்தான். நட்பாக இருந்தால் உதடுகளைச் சப்சப்பென்று வேகமாக அசைக்கும்.

பேன் பார்ப்பதும் வெறும் பேனுக்காக அல்ல. முடியை விலக்கி விலக்கி உண்ணி, அழுக்கு, தோல் செதில் எல்லாவற்றையும் எடுக்கும். அப்படித்தான் கூட்டத்துக்குள் உறவும் வளர்கிறது. தின்னக் கொடுத்ததை வாய் நிறையத் திணித்துக்கொள்வதைப் பேராசை என்கிறோம். கன்னத்துக்குள் பை இருக்கிறது. வலுத்த குரங்கு பிடுங்குவதற்குள் அதில் நிரப்பி, தள்ளிப்போய் மென்று தின்னும்.

ஒரு நம்பிக்கை மட்டும் அப்படியே உண்மை. குட்டிதான் தாயைப் பற்றிக்கொள்ளும் என்பதை வைணவப் பெரியோர் மர்க்கட நியாயம் என்றார்கள். பிறந்த குட்டி தாயின் வயிற்று முடியை இறுகப் பிடித்தபடியேதான் மரத்துக்கு மரம் போகிறது.

நாமக்கல்லில் 18 அடி ஆஞ்சநேயரை வணங்கும் மண் இது. குரங்குக்குப் பழம் கொடுத்தால் புண்ணியம் என்பது அந்த பக்தியில் பிறந்தது. பக்தியில் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஆலம்பழம், அத்தி, கொழுந்து, பூச்சி என்று தானே தேடித் தின்னும் உயிர் அது. கைத்தீனிக்குப் பழகிய கூட்டம் பையைப் பிடுங்கும், தங்களுக்குள் கடித்துக்கொள்ளும். ஏற்காடு மலைப்பாதை போன்ற இடங்களில் வண்டிச் சக்கரத்திலும் சிக்கும். தென்னிந்தியாவையும் அதை ஒட்டிய பகுதிகளையும் தவிர வேறெங்கும் இயற்கையாக வாழாத இனம் இது. சாலையோர ஆலமரங்களை வெட்டியதில் பல இடங்களில் இருப்பிடம் இழந்துவிட்டது. புண்ணியம் வேண்டுவோர் ஓர் ஆலங்கன்று நடலாம்.

கடித்தால் மஞ்சள் வைத்தால் போதும் என்பது ஆபத்தான நம்பிக்கை. குரங்குக்கடியிலும் வெறிநோய் வரலாம். காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே அரசு மருத்துவமனைக்குப் போய் ஊசி போட்டுக்கொள்ளுங்கள்.