வேட்டைக்கு வழிகாட்டுவோரும் வண்டி ஓட்டுவோரும்: கிராமத்தார் அறிய வேண்டிய சட்டம்

புதுச்சேரி நகரத்திலிருந்து மேற்கே சுமார் 10 கிலோமீட்டர் தொலைவில் ஊசுட்டேரி அமைந்துள்ளது. ஏறத்தாழ 800 ஹெக்டேர் பரப்புள்ள இவ்வேரியே புதுச்சேரிப் பகுதியின் மிகப் பெரிய ஏரியாகும். இதன் ஒரு பகுதி புதுச்சேரி ஆட்சிப் பரப்பிலும், மறு பகுதி தமிழ்நாட்டின் விழுப்புரம் மாவட்டத்திலும் உள்ளது. வடகிழக்குப் பருவமழை பெய்து ஏரி நிரம்பியதும், தொலை நாடுகளிலிருந்து வாத்து இனங்கள் பல இங்கு வந்து தங்குகின்றன. நாரைகளும் கூழைக்கடாக்களும் நாமக்கோழிகளும் இரை தேடுகின்றன.

இத்தகைய நீர்நிலைகளை அடுத்த ஊர்களுக்குப் பறவைகளை மட்டுமன்றி அவற்றைச் சுட விரும்பும் மனிதர்களையும் பருவகாலம் அழைத்து வருவதுண்டு. பணம் படைத்த ஒருவர் காரில் வந்து, "தம்பி, வாத்து இறங்கும் இடத்தைக் காட்டு, கூலி தருகிறேன்" என்று கேட்டால், ஊர் இளைஞர் அதனை ஒரு நாட் கூலி வேலையாகவே கருதிவிடக்கூடும். வாடகை வண்டி ஓட்டுபவரும், "நாம் சுடவில்லை, வண்டி மட்டுந்தானே ஓட்டுகிறோம்" என்று எண்ணலாம். இவ்விருவரும் உரிமம் பெற்று இத்தொழிலைச் செய்ய இயலுமா? உரிமமின்றிச் செய்தால் நேர்வது யாது? இவற்றைக் கிராம மக்கள் அனைவரும் தெளிவாக அறிந்திருத்தல் நலம்.

உரிமம் இருந்த காலம்

நமது நாட்டில் வேட்டைக்கு உரிமம் வழங்கிய காலம் ஒன்று இருந்தது. நீலகிரியில் 1877-ஆம் ஆண்டில் வேட்டைக்காரர்களே ஒரு சங்கம் அமைத்தனர். கண்டபடி சுடுவதால் மலையாடும் மானும் அற்றுப்போகும் என்னும் அச்சமே அதற்குக் காரணம். அதன் பயனாக 1879-இல் சென்னை மாகாண அரசு நீலகிரி வேட்டை விலங்குகள், மீன்கள் பாதுகாப்புச் சட்டத்தை இயற்றியது. வேட்டைக்குத் தடைக்காலம் வகுக்கவும், உரிமக் கட்டணம் பெறவும் அச்சட்டம் வழி செய்தது.

விடுதலைக்குப் பின்னரும் வேட்டை ஒரு வாணிகமாக நடைபெற்றது. அயல்நாட்டுச் செல்வர்களை அழைத்து வந்து, கூடாரம், ஜீப், வழிகாட்டி, காடு கலைப்போர் அனைத்தையும் ஏற்பாடு செய்து, புலி வேட்டைக்குக் கட்டணம் பெற்ற நிறுவனங்கள் 1950-களிலும் 1960-களிலும் இயங்கின. அதன் விளைவு விரைவிலேயே வெளிப்பட்டது. 1970-இல் புலி வேட்டை தடை செய்யப்பட்டது. 1972-இல் எடுத்த கணக்கின்படி நாடு முழுவதிலும் எஞ்சியிருந்த புலிகள் 1,827 மட்டுமே.

அதே 1972-ஆம் ஆண்டில் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பிறந்தது. தொடக்கத்தில் அச்சட்டமும் வேட்டையை அடியோடு விலக்கவில்லை. தனிச்சிறப்பு விலங்கு வேட்டை, பெருவிலங்கு வேட்டை, சிறுவிலங்கு வேட்டை, பொறி வைத்துப் பிடித்தல் என நால்வகை உரிமங்களுக்கு அதில் இடமிருந்தது. உரிமம் பெற்றவர் தாம் கொன்ற விலங்குகளைப் பதிவேட்டில் எழுத வேண்டும்; மோட்டார் வண்டியிலிருந்து சுடலாகாது; தடைக்காலத்தில் சுடலாகாது என்றெல்லாம் கட்டுப்பாடுகள் இருந்தன. 1991-ஆம் ஆண்டுத் திருத்தம் இவ்வுரிம முறையையே நீக்கிவிட்டது.

பிற நாட்டு வழக்கம்

வேட்டையைச் சட்டப்படி அனுமதிக்கும் நாடுகள் இன்றும் உள்ளன. அமெரிக்க நாட்டின் அலாஸ்கா மாநிலத்தில், வழிகாட்டிக்கு ஓர் உரிமமும், வேட்டைக்காரரையும் அவர் வீழ்த்திய விலங்கையும் ஏற்றிச் செல்பவருக்கு வேறோர் உரிமமும் தேவை. ஏற்றிச் செல்லும் உரிமம் பெற்றவர் வழிகாட்டும் தொழிலைச் செய்யலாகாது. வெளி மாநிலத்தார் பழுப்புக் கரடி போன்ற சில விலங்குகளை வேட்டையாட வேண்டுமாயின், வழிகாட்டியையோ, அம்மாநிலத்தில் வாழும் நெருங்கிய உறவினரையோ உடன் கொண்டு செல்ல வேண்டும்.

இம்முறையிலிருந்து நாம் அறிவது ஒன்றுண்டு. துப்பாக்கி பிடித்தவர் ஒருவரால் மட்டும் வேட்டை நடைபெறுவதில்லை. இடத்தைக் காட்டுபவரும் ஏற்றிச் செல்பவரும் அதில் பங்கு கொள்கின்றனர். ஆதலால் அங்குள்ள சட்டம் அவ்விருவரையும் தனித்தனியே பொறுப்பாக்குகிறது. நமது சட்டமும் அவ்விருவரையும் காணத் தவறவில்லை. ஆனால் உரிமம் கொடுப்பதற்காக அன்று.

இன்றைய சட்டம்

2022-இல் செய்த திருத்தம் 2023 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ளது. இதன்படி முதல் இரு அட்டவணைகளில் கண்ட விலங்கு, பறவை எதனையும் வேட்டையாடலாகாது. விதிவிலக்குகள் இரண்டே. உயிருக்கோ உடைமைக்கோ ஊறு நேரும்போது தலைமை வன உயிரினக் காப்பாளர் எழுத்து மூலம் இடும் ஆணை ஒன்று. கல்வி, ஆராய்ச்சி, பாம்பு நஞ்சு எடுத்தல் போன்ற காரியங்களுக்கு அளிக்கும் தனி அனுமதி மற்றொன்று. பொழுதுபோக்கு வேட்டைக்கு உரிமம் இல்லை. வேட்டையே இல்லாதபோது வேட்டை வழிகாட்டிக்கும் உரிமம் இருக்க வழியில்லை. எவரேனும் ஒரு தாளைக் காட்டி, "இது வேட்டை உரிமம்" என்று கூறினால் நம்பிவிடலாகாது.

துப்பாக்கி உரிமத்தையும் வேட்டை உரிமத்தையும் ஒன்றாகக் கருதுவோர் பலர். முன்னது 1959-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டத்தின்படி ஆயுதம் வைத்திருப்பதற்கான அனுமதி மட்டுமே. அதைக் கொண்டு ஒரு கொக்கைக்கூடச் சுட உரிமை பிறப்பதில்லை.

வழிகாட்டுபவர் நிலை

"வேட்டை" என்னும் சொல்லுக்குச் சட்டம் தரும் பொருள் மிக விரிவானது. கொல்லுதல், நஞ்சிடுதல், பிடித்தல், கண்ணி வைத்தல், பொறி வைத்தல், இரை வைத்து ஈர்த்தல், விரட்டுதல் ஆகிய யாவும் வேட்டையே. இவற்றுக்கு முயல்வதும் வேட்டையே. காட்டுப் பறவையின் முட்டையை உடைப்பதும் கூட்டைக் கலைப்பதும் இதில் அடங்கும். எனவே ஏரிக்கரையில் தகரம் தட்டிப் பறவைகளைத் துப்பாக்கியின் பக்கம் கலைத்து விடுபவர் சட்டத்தின் கண்களில் வேட்டைக்காரரே ஆவார். இடத்தைக் காட்டிக் கூலி பெற்றவர் குற்றத்துக்கு உடந்தையாகிறார். உடந்தையாக இருப்பவருக்கும் குற்றவாளிக்குரிய தண்டனையே விதிக்கப்படும்.

அத்தண்டனை சிறியதன்று. பொதுவாக இச்சட்டத்தை மீறுவோருக்கு 3 ஆண்டு வரை சிறையோ, 1 இலட்சம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கலாம். முதல் அட்டவணை விலங்காயினும், வேட்டை நடந்த இடம் சரணாலயமாயினும், 3 ஆண்டுக்குக் குறையாமல் 7 ஆண்டு வரை சிறையும், 25,000 ரூபாய்க்குக் குறையாத அபராதமும் உண்டு. ஊசுட்டேரியின் புதுச்சேரிப் பகுதி 2008-இலும் தமிழ்நாட்டுப் பகுதி 2015-இலும் பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டன. ஆகவே அங்கு ஒரு வாத்தைச் சுடுவதற்கு வழிகாட்டிய இளைஞர், ஒரு நாட் கூலிக்காகப் பல ஆண்டுகளைச் சிறையில் கழிக்க நேரிடலாம். கூலி கொடுத்தவரோ காரில் ஏறி ஊர் கடந்து போய்விடுவார்.

வண்டி ஓட்டுபவர் நிலை

வன உயிரினத்தையோ அதன் உடலிலிருந்து செய்த பொருளையோ ஏற்றிச் செல்ல ஒப்புக்கொள்ளுமுன், அதற்குரிய அனுமதி பெறப்பட்டுள்ளதா என்று தக்க கவனத்துடன் விசாரித்தறிவது ஏற்றிச் செல்பவரின் கடமை. 1991-இல் சேர்க்கப்பெற்ற 48-அ பிரிவு இதனைக் கூறுகிறது. "மூட்டையில் என்ன இருந்தது என்று கேட்கவில்லை" என்பது இதற்கு விடையாகாது. கேட்காமல் விட்டதே கடமை தவறியதாகும். அன்றியும், குற்றம் புரியப் பயன்பட்ட வண்டி, படகு, ஆயுதம், வலை ஆகியன கைப்பற்றப்பட்டு அரசின் உடைமையாகும் என்று சட்டம் கூறுகிறது. கடன் பெற்று வண்டி வாங்கித் தவணை கட்டி வரும் ஒருவருக்கு, ஓர் இரவுச் சவாரியால் வண்டியும் போய்க் கடனும் நிற்கும் நிலை நேரலாம். சந்தேகம் எழுந்தால் சவாரியை மறுத்து, வனத்துறை அலுவலகத்துக்கோ காவல் நிலையத்துக்கோ தெரிவிப்பதே தக்கது.

பயிரை அழிக்கும் விலங்குகள்

இவ்விடத்தில் உழவர் கேட்கும் கேள்வி நியாயமானது: "பன்றியும் மயிலும் பயிரை அழிக்கும்போது கைகட்டிப் பார்ப்பதா?" இதற்குச் சட்டத்தில் வழி உண்டு. இரண்டாம் அட்டவணை விலங்கு மனித உயிருக்கோ, நிலத்தில் நிற்கும் பயிர் உள்ளிட்ட உடைமைக்கோ கேடு விளைப்பதாக இருப்பின், தலைமைக் காப்பாளரோ அவர் அதிகாரம் அளித்த அலுவலரோ காரணங்களைக் குறித்து எழுத்து மூலம் வேட்டைக்கு ஆணையிடலாம். ஆதலின் சேதம் நேர்ந்தவுடன் சர்வே எண், பயிர், சேதத்தின் அளவு, நாள் ஆகியவற்றைக் குறித்து வனத்துறைக்கு மனுச் செய்ய வேண்டும். பலர் சேர்ந்து மனுச் செய்தால் வலிமை கூடும்.

மயிலின் நிலை வேறு. அது முதல் அட்டவணையில் உள்ளது. பயிர்ச்சேதம் ஒன்றையே காரணமாகக் காட்டி அதனைக் கொல்ல ஆணை பெற இயலாது. தானியத்தில் நஞ்சு கலந்து வைப்பது கடுங்குற்றம். வேலியில் மின்சாரத்தை நேரே பாய்ச்சுவதும் குற்றமே. இரவில் தண்ணீர் பாய்ச்சச் செல்லும் உழவரே அதில் சிக்கி உயிரிழக்கக்கூடும். எதிர்பாராது தாக்க வந்த விலங்கை உயிர் காக்கும் பொருட்டு நல்லெண்ணத்துடன் கொல்ல நேர்ந்தால் அது குற்றமாகாது. எனினும் இறந்த விலங்கு அரசின் உடைமை, அதன் இறைச்சியைத் தொடலாகாது.

எல்லை ஊர்களின் நிலை

பிரெஞ்சு ஆட்சியிலிருந்து 1954 நவம்பர் 1-இல் நடைமுறையிலும், 1962 ஆகஸ்டு 16-இல் சட்டப்படியும் புதுச்சேரி இந்தியாவுடன் இணைந்தது. பழைய எல்லைகளோ இன்றும் தொடர்கின்றன. வில்லியனூர், பாகூர், மண்ணாடிப்பட்டு கொம்யூன்களின் ஊர்கள் தமிழ்நாட்டு ஊர்களுடன் பின்னிக் கிடக்கின்றன. வன உயிரினச் சட்டம் இருபுறத்துக்கும் ஒன்றே. ஆனால் அதிகாரிகள் வேறு. ஒரு பகுதியின் அதிகாரி அளித்த ஆணை மறு பகுதி நிலத்தில் செல்லாது. மனுச் செய்யுமுன் நிலம் எப்பகுதியைச் சேர்ந்தது என்பதை உறுதி செய்துகொள்ளல் வேண்டும்.

ஊர் செய்யக் கூடியது

தடை மட்டும் போதாது. கண்ணி வைத்தே பரம்பரையாகப் பிழைத்த குடும்பங்களுக்கு மாற்றுத் தொழில் தேவை. பறவைகள் எங்கே கூடு கட்டும், எப்போது இறங்கும் என்பதை அவர்களைக் காட்டிலும் அறிந்தவர் இலர். அவ்வறிவைப் பறவை காண வருவோருக்கு வழிகாட்டவும், சரணாலயக் காவலுக்கும் பயன்படுத்திக்கொள்ள வனத்துறையும் பஞ்சாயத்துகளும் முன்வர வேண்டும்.

செங்கற்பட்டுச் சீமையின் வேடந்தாங்கல் மக்கள், தம் ஏரிப் பறவைகளை வெள்ளையர் சுடுவதை எதிர்த்து முறையிட்டு, 1798-ஆம் ஆண்டிலேயே கம்பெனி ஆட்சியிடம் எழுத்து மூலம் பாதுகாப்புப் பெற்றனர். பறவையின் எச்சம் கலந்த ஏரி நீர் வயலுக்கு உரமாவதை அவர்கள் அனுபவத்தில் கண்டிருந்தனர். ஊர் ஒன்றுபட்டதால் பறவைகளும் நிலைத்தன. பயிரும் பயன் பெற்றது. ஊசுட்டேரி, பாகூர் ஏரிகளைச் சூழ்ந்த ஊர்களும் பருவத் தொடக்கத்தில் ஒரு கூட்டம் கூட்டி, எவரும் வேட்டைக்கு வழிகாட்டுவதில்லை, வண்டி ஓட்டுவதில்லை என்று முடிவு செய்து, வனத்துறையின் தொலைபேசி எண்ணைப் பஞ்சாயத்துப் பலகையில் எழுதி வைக்கலாம்.

கூட்டத்தில் ஆராயத் தக்க வினாக்கள்

1. துப்பாக்கி உரிமம் உள்ளவர் பறவையைச் சுடலாமா? ஏன்?
2. பறவைகளைக் கலைத்து விடுபவர் எவ்வாறு வேட்டைக்காரர் ஆகிறார்?
3. வாடகை வண்டிக்காரர் சவாரிக்கு ஒப்புமுன் விசாரிக்க வேண்டியது யாது?
4. நம் ஊரில் பன்றியால் பயிர்ச்சேதம் நேர்ந்தால் எந்த அலுவலருக்கு, எவ்விவரங்களுடன் மனுச் செய்ய வேண்டும்?
5. கண்ணித் தொழிலை விட்டவர்களுக்கு நம் ஊர் அளிக்கக்கூடிய வேலை எது?