இழப்பீடு வாங்கினால் வழக்கு போய்விடாது

செங்கல்பட்டு

அன்புள்ள தம்பி,

உன் கடிதம் கிடைத்தது. தேர்வு, விடுதிச் சாப்பாடு, புதுப்பாக்கத்துச் சட்டக் கல்லூரிக்குப் பேருந்து கிடைக்காமல் படும் பாடு என்று இரண்டு பக்கம் எழுதிவிட்டு, முக்கியமானதைக் கடைசியில் அவசரமாகக் கிறுக்கியிருக்கிறாய். உங்கள் குப்பத்தில் ஒருவர் தகராறில் வெட்டுப்பட்டு இறந்துபோனார். கைதான இருவரும் ஜாமீனில் வந்துவிட்டார்கள். அரசிடம் இழப்பீட்டுக்கு மனுப் போடலாமே என்று நீ சொன்னதற்கு அவர் மனைவி, “புருஷன் உசுருக்கு வெல வாங்குனா ஊரு என்ன பேசும்? பணத்த வாங்கிட்டா கேஸும் நிக்காது” என்று மறுத்துவிட்டார். நீயும் “அவர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறதே ஐயா” என்று எழுதியிருக்கிறாய்.

அந்த அம்மாள் மேல் எனக்கு வருத்தமில்லை. அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. நீ சட்ட மாணவன். உனக்கு அந்தச் சந்தேகம் வரலாமா?

பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் பிரிவு 396-ஐ எடுத்து வைத்துக்கொள். அந்தச் சட்டம் 2024 ஜூலை 1-இல் நடைமுறைக்கு வருவதற்கு முன், பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 357-அ என்று இருந்த அதே பிரிவுதான் இது. வழிகாட்டி நூலில் இருக்கும் நாலு வரிச் சுருக்கம் போதாது, பிரிவையே படி. எதிரிகள் விடுதலையாகிவிட்டாலும், பாதிக்கப்பட்டவருக்கு மறுவாழ்வு தேவை என்று கண்டால் விசாரணை நீதிமன்றம் இழப்பீட்டுக்குப் பரிந்துரைக்கலாம் என்கிறது அது. குற்றவாளி யாரென்றே தெரியாமல் விசாரணையே நடக்காவிட்டாலும், பாதிக்கப்பட்டவரோ அவரை நம்பியிருந்தவர்களோ சட்டப் பணிகள் ஆணைக்குழுவிடம் மனுச் செய்யலாம் என்றும் சொல்கிறது. தண்டனை கிடைத்தால்தான் பணம் என்று ஒரு சொல்கூட அதில் இல்லை. பணம் வாங்கினால் வழக்கு முடியும் என்றும் இல்லை.

ஏன் இப்படி எழுதினார்கள் என்பதற்கு நம் ஊர் நீதிமன்றத்திலிருந்தே ஓர் உதாரணம். 2017-இல் முகலிவாக்கத்தில் ஒரு குழந்தை கொல்லப்பட்ட வழக்கில், 2018 பிப்ரவரி 19 அன்று செங்கல்பட்டு மகளிர் நீதிமன்றம் மரண தண்டனை விதித்தது. அதே ஆண்டு உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது. 2025 அக்டோபரில் உச்ச நீதிமன்றம், குற்றம் நிரூபிக்கப்படவில்லை என்று அந்த மனிதரை விடுதலை செய்தது. தீர்ப்பின் சரி தவறுக்குள் நான் போகவில்லை. நீ பார்க்க வேண்டியது வேறு. எட்டு ஆண்டுகளுக்குப் பின் எதிரி குற்றவாளி இல்லை என்றாகிவிட்டது. ஆனால் குழந்தை கொல்லப்பட்டது பொய்யாகிவிட்டதா? இழப்பீட்டைத் தண்டனையோடு முடிச்சுப் போட்டிருந்தால், அப்படிப்பட்ட குடும்பங்கள் மேல்முறையீடுகளின் கடைசிப் பக்கம் வரை காத்திருந்து வெறுங்கையோடு திரும்ப வேண்டியதுதான்.

இனி உயிருக்கு விலை என்ற பேச்சுக்கு வருகிறேன். இதில் எனக்கு நெடுநாளாக ஓர் எண்ணம் உண்டு. பொறுமையாகக் கேள்.

சோழர் காலக் கல்வெட்டுகளில் கொலை வழக்குகள் வருகின்றன. நீலகண்ட சாஸ்திரியின் ‘சோழர்கள்’ நூலை நான் முதலில் படித்தபோது, போர்களையும் பட்டத்து வரிசையையும் தள்ளிவிட்டு இந்தப் பக்கங்களையே திரும்பத் திரும்பப் படித்தேன். வேட்டையில் அம்பு குறி தவறி ஒருவன் மேல் பாய்கிறது, அவன் இறந்துபோகிறான். ஊராரும் நாட்டாரும் கூடி விசாரிக்கிறார்கள். வேண்டுமென்று செய்ததில்லை என்று கண்டால் கொன்றவனைக் கொல்வதில்லை. கோயிலில் அணையாமல் எரியும் நந்தா விளக்கு வைக்கச் சொல்கிறார்கள். ஒரு விளக்குக்கு 90 அல்லது 96 ஆடு. ஆட்டை இடையர் ஏற்றுக்கொண்டு நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். மந்தை குறையாமல் பெருகிக்கொண்டே இருக்கும் என்பது கணக்கு. அதனால்தான் அவற்றைச் சாவா மூவாப் பேராடு என்றார்கள். விளக்குக்கு முதல் வைக்கும் வழக்கத்தைக் கண்ணால் பார்க்க வேண்டுமானால் சாளுவன்குப்பத்துக்குப் போ. சுனாமிக்குப் பின் மணலுக்கடியிலிருந்து தோண்டியெடுத்த முருகன் கோயிலின் தூணில், விளக்கெரிக்கப் பொன் கொடுத்த செய்தி வெட்டப்பட்டிருக்கிறது. அது கொலைக்கான தண்டம் இல்லை, பக்தியால் கொடுத்தது. ஆனால் இரண்டுக்கும் முறை ஒன்றுதான்.

விளக்கு எரிந்தது, கொன்றவனின் பாவம் தீர்ந்தது, கோயிலுக்கு நெய் வந்தது. செத்தவன் வீட்டு அடுப்பு எரிந்ததா? அந்தக் கல்வெட்டுகளின் பேச்சு கோயிலோடு நின்றுவிடுகிறது.

அதே காலத்தில் இன்னொரு வழக்கமும் இருந்தது. கவர்ந்து போன மாட்டை மீட்கப் போய் மடிந்தவன், ஊரைக் காக்க நின்று வெட்டுப்பட்டவன் ஆகியோரின் குடும்பத்துக்கு நிலம் விட்டார்கள். உதிரப்பட்டி, இரத்தக்காணி, நெத்தோர்பட்டி என்று நடுகற்களிலும் கோயில் சுவர்களிலும் அது பல பெயரில் வருகிறது. செங்கம் நடுகற்களைத் தமிழ்நாடு தொல்லியல் துறை 1972-இல் நூலாக வெளியிட்டது. நூலகத்தில் தேடிப் பார். இங்கே நிலத்தைக் கொடுத்தவன் கொன்றவன் இல்லை, ஊரும் அரசும். பெற்றது கோயில் இல்லை; மாண்டவனின் மனைவி மக்கள். அந்த நிலத்தை உழுது சாப்பிட்டவர்களை உயிரை விற்றவர்கள் என்று யாரும் பழிக்கவில்லை. அது குடும்பத்துக்குக் கௌரவம்.

என் எண்ணம் இதுதான். குற்றத்துக்குப் பின் இரண்டு கணக்குகள் திறக்கின்றன. ஒன்று செய்தவனுக்கும் நீதிக்கும் இடையில். மற்றது ஊருக்கும் இழந்த குடும்பத்துக்கும் இடையில். விளக்கு முதல் கணக்கைச் சேர்ந்தது. உதிரப்பட்டி இரண்டாவதைச் சேர்ந்தது. பிரிவு 396 உதிரப்பட்டியின் வழியில் வந்தது என்பேன். சட்டம் எழுதியவர்கள் கல்வெட்டைப் படித்துவிட்டு எழுதவில்லை என்பது எனக்கும் தெரியும். உதிரப்பட்டி வீரனுக்கு மட்டும் கிடைத்தது, இது வீரனோ கோழையோ எல்லோருக்கும் உரியது என்ற வேறுபாடும் தெரியும். அந்த வேறுபாட்டில்தான் நாம் முன்னேறியிருக்கிறோம். ஆனால் குப்பங்களில் இன்றும் பஞ்சாயத்துத் தண்டம் கோயில் கணக்கிலோ ஊர்ப் பொதுக் கணக்கிலோ சேர்வதைப் பார்க்கும்போது, நாம் இன்னும் விளக்குக் காலத்தில்தான் பாதி நிற்கிறோமோ என்று தோன்றுகிறது.

வெளியுலகத்துக்கும் இது மெதுவாகத்தான் புரிந்தது. பிரிட்டனில் மார்ஜரி ஃப்ரை என்ற அம்மையார், குற்றத்தால் பாதிக்கப்பட்டவருக்கு அரசு இழப்பீடு தர வேண்டும் என்று 1950-களில் எழுதினார். நியூசிலாந்து 1963-இல் சட்டம் இயற்றி, அடுத்த ஆண்டு நடைமுறைக்குக் கொண்டுவந்தது. இங்கே 1979-இலேயே நீதிபதி கிருஷ்ணய்யர், நம் குற்றவியல் சட்டம் பாதிக்கப்பட்டவரைத் திரும்பிப் பார்ப்பதில்லை என்று ஒரு தீர்ப்பில் குறைப்பட்டுக்கொண்டார். அதற்குப் பிறகும் முப்பது ஆண்டு காத்திருந்தோம். 357-அ நடைமுறைக்கு வந்தது 2009 டிசம்பர் 31-இல். தமிழ்நாட்டின் இழப்பீட்டுத் திட்டம் 2013-இல் வந்தது. பெண்களுக்கான தனித் திட்டம் 2018-இல் வந்தது. பாலியல் வன்முறைக்கு 4 முதல் 7 லட்சம், கூட்டு வன்முறைக்கு 5 முதல் 10 லட்சம், அமில வீச்சில் முகம் சிதைந்தால் 7 முதல் 8 லட்சம் என்று வரம்பு வைத்தது. தொகையில் 75 விழுக்காடு குறைந்தது 3 ஆண்டு வைப்பு நிதியில் இருக்கும். 25 விழுக்காடு உடனே செலவுக்குக் கிடைக்கும். உறவினர் பிடுங்கிக்கொள்ளாமலிருக்க இது நல்ல ஏற்பாடு.

கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்து மோதி ஒருவர் இறந்தால், அந்தக் குடும்பம் செங்கல்பட்டு நீதிமன்றத்தில் விபத்து இழப்பீடு கேட்பதை யாராவது உயிரை விற்றதாகச் சொல்கிறார்களா? மோதிவிட்டு நிற்காமல் போன வண்டியாக இருந்தால்கூட, 2022 ஏப்ரல் முதல் உயிரிழப்புக்கு 2 லட்சம் உண்டு. சக்கரம் கொன்றால் வாங்கலாம், அரிவாள் கொன்றால் வாங்கக்கூடாதா? இது என்ன நியாயம், தம்பி?

பணம் வாங்கினால் வழக்கு நிற்காது என்ற பயம் ராஜியைப் பார்த்து வந்தது. ராஜி என்பது வேறு. எதிரி தரப்பு ஆள் அனுப்பி, பணம் கொடுத்து, சாட்சியைப் பிறழ வைப்பது ராஜி. கொலை வழக்கைச் சட்டப்படி சமாதானம் செய்துகொள்ளவே முடியாது. ஆனால் சாட்சிகள் கூண்டில் ஏறி “எனக்குத் தெரியாது” என்றால் வழக்கு செத்துவிடும். அந்த அம்மாள் பயப்பட வேண்டியது அந்தப் பணத்துக்கு. அரசுப் பணம் வாங்கியவருக்கு எதிரியின் பணத்தை மறுக்கும் தெம்பு கூடும் என்பது நான் கண்ட உண்மை.

இன்னொரு குழப்பத்தையும் தீர்த்துவிடு. முதலமைச்சர் இரங்கல் தெரிவித்து நிவாரணம் அறிவிப்பது அரசின் விருப்பம். செய்தித்தாளில் வந்த சாவுக்குக் கிடைக்கும். வராத சாவுக்குக் கிடைக்காது. 396 அப்படியில்லை, மனு வந்தால் ஆணைக்குழு விசாரித்து இரண்டு மாதத்துக்குள் முடிவு செய்ய வேண்டும். எம்.எல்.ஏ. வீட்டு வாசலில் நிற்க வேண்டியதில்லை.

இனிக் காகிதம். இறந்தவர் மருத்துவமனைக்குக் கொண்டுவரப்பட்டபோது அவசரப் பிரிவில் எழுதிய விபத்துப் பதிவேட்டின் நகலை, அதாவது ஏ.ஆர். காப்பியை, முதலில் பார். யார் அழைத்து வந்தது, எங்கே, எத்தனை மணிக்கு, எதனால் காயம் என்று அதில் ஒரு வரி இருக்கும். பயத்தில் “கீழே விழுந்துட்டாரு” என்று யாராவது சொல்லியிருந்தால் அந்த ஒரு வரி பின்னால் எல்லா இடத்திலும் குறுக்கே நிற்கும். அப்படி இருந்தால் மறைக்காதே. ஏன் அப்படிச் சொன்னார்கள் என்பதை மனுவிலேயே விளக்கி எழுது. அடுத்தது முதல் தகவல் அறிக்கை. புகாரைப் பெற்றுக்கொண்டதற்குக் காவல் நிலையம் தரும் சி.எஸ்.ஆர். ரசீதை எஃப்.ஐ.ஆர். என்று பத்திரப்படுத்தி வைத்திருப்பவர்கள் ஏராளம், இரண்டும் ஒன்றல்ல. எஃப்.ஐ.ஆர். நகலைப் பாதிக்கப்பட்டவருக்கு இலவசமாகத் தர வேண்டும் என்று பிரிவு 173 சொல்கிறது. பிரேதப் பரிசோதனைச் சான்று, இறப்புச் சான்று, தாசில்தாரிடம் வாரிசுச் சான்று, குடும்ப அட்டை, அந்த அம்மாள் பெயரிலேயே வங்கிக் கணக்கு. ஆதித்திராவிடர் அல்லது பழங்குடிக் குடும்பமாக இருந்து, கொன்றவர் அந்த இரு பிரிவுகளையும் சேராதவராக இருந்தால், வன்கொடுமைத் தடுப்பு விதிகளின்படி தனி நிவாரணம் உண்டு: பாதி பிரேதப் பரிசோதனைக்குப் பின், மீதி குற்றப்பத்திரிகை நீதிமன்றம் போனதும். மாத ஓய்வூதியமும் உண்டு.

வழக்கு முடியட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லும் வழக்கறிஞரைக் கேட்காதே. பாதிக்கப்பட்டவருக்கு இடைக்கால இழப்பீடு தேவையா என்று தொடக்கத்திலேயே நீதிமன்றங்கள் பார்க்க வேண்டும் என்று 2014-இல் சுரேஷ் எதிர் ஹரியானா வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. வாங்கித் தருகிறேன், இத்தனை விழுக்காடு கமிஷன் என்று வருபவனை வாசற்படி ஏறவிடாதே. பெண்களுக்கு வருமானம் எவ்வளவானாலும் சட்ட உதவி இலவசம். 15100 என்ற எண்ணில் கேட்டாலே வழி சொல்வார்கள்.

அந்த அம்மாளிடம் சட்டப் பிரிவுகளைச் சொல்லிக்கொண்டிருக்காதே. உங்கள் கணவரைக் காக்க வேண்டிய அரசு காக்கத் தவறியது. அது பட்ட கடனை உங்கள் பிள்ளைகளுக்காகக் கேட்கிறோம் என்று மட்டும் சொல். பிறகு இந்த வாரத்திலேயே அவரைச் செங்கல்பட்டு நீதிமன்ற வளாகத்தில் உள்ள மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவுக்கு அழைத்து வா. மனுவின் நகலில் முத்திரையும் தேதியும் வாங்காமல் அங்கிருந்து திரும்பாதே.

அன்புடன்,
உன் ஆசிரியன்