முதலில் சர்வே எண்ணைக் கேளுங்கள்

கச்சிராயப்பாளையத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருப்பவன் நான். திங்கட்கிழமை என்றால் விடியும்போதே கூட்டம் சேர்ந்துவிடும். கள்ளக்குறிச்சி ஆட்சியர் அலுவலகத்தில் அன்று மக்கள் குறைதீர்க்கும் நாள். மனு எழுத, நகலெடுக்க, ஆதார் அட்டையைப் பெரிதுபடுத்த என்று கோமுகி அணைப் பக்கத்து ஊர்க்காரர்களும் வெள்ளிமலையிலிருந்து முதல் பஸ்ஸில் இறங்கியவர்களும் வரிசையில் நிற்பார்கள். சொந்தப் பிரச்சினைக்கு வருகிறவர்களே அதிகம். ஏரி தூர்ந்துவிட்டது, வாய்க்காலில் குப்பை கொட்டுகிறார்கள், ஊருக்குப் பாதை இல்லை என்று பொதுக் காரியத்துக்கு வருகிறவர்களும் உண்டு. இப்படி வருகிறவர்களுக்கு எழுதிக் கொடுக்கப் போய்த்தான் நானும் இதற்குள் வந்தேன்.

அவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான். அந்த இடம் யாருடையது?

“ஊர் ஏரிதாங்க” என்பார்கள். ஊர் ஏரிதான், ஆனால் கணக்கில் அது யார் பெயரில் இருக்கிறது என்பதைப் பொறுத்துத்தான் மனு எந்த மேசைக்குப் போக வேண்டும் என்பது முடிவாகும். தமிழ்நாட்டில் 40 ஹெக்டேருக்கு மேல், அதாவது சுமார் நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு உள்ள ஏரிகள் நீர்வளத்துறையின் பொறுப்பு. அதற்குக் குறைந்தவை ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பு. ஒன்றியத்து ஏரிக்கு நீர்வளத்துறைப் பொறியாளரிடம் மனு கொடுத்தால் அவர் அதைக் கிழித்துப் போட மாட்டார். மரியாதையாக அனுப்பி வைப்பார். அது போய்ச் சேர மூன்று மாதம் ஆகும், அதற்குள் ஐப்பசி மழை வந்துவிடும். சாலையும் அப்படியே. நெடுஞ்சாலைத் துறை, ஒன்றியம், ஊராட்சி என்று மூன்று பேரில் ஒருவருடையதாக இருக்கும். ஆட்சியரிடமே கொடுத்தாலும் அந்தக் காகிதம் கடைசியில் கீழே இறங்கி, சம்பந்தப்பட்ட அதே மேசைக்குத்தான் வரும். எனவே மேசையைத் தெரிந்துகொண்டு மேலே போவது நல்லது. மனு கொடுத்ததும் எண் போட்ட ஒப்புகைச் சீட்டைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அது கையில் இல்லாமல் அடுத்த முறை போனால் மறுபடி முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்வார்கள்.

கிராம நிர்வாக அலுவலரிடம் அ-பதிவேடு இருக்கும். உங்கள் கிராமத்தின் ஒவ்வொரு சர்வே எண்ணும், அதன் பரப்பும், பட்டாவா புறம்போக்கா, புறம்போக்கு என்றால் ஏரியா ஓடையா வண்டிப்பாதையா என்பதும் அதில் உண்டு. புலப்பட நகலும் வாங்கலாம். இப்போது இவற்றைத் தமிழ்நாடு அரசின் இணையச் சேவையிலேயே பார்க்க முடிகிறது. “ஏரியில் ஆக்கிரமிப்பு உள்ளது” என்று எழுதும் மனுவுக்கும், “இந்த சர்வே எண்ணில் ஏரிப் புறம்போக்கு இத்தனை ஹெக்டேர், வடகிழக்கு மூலையில் வரப்பு போட்டிருக்கிறார்கள், அளந்து தாருங்கள்” என்று எழுதும் மனுவுக்கும் வரும் பதிலைப் பார்த்தால் வித்தியாசம் புரியும். முதலாவதற்கு “நடவடிக்கை எடுக்கப்படும்” என்று வரும். இரண்டாவதற்கு நில அளவையர் வருவார். நீர்வளத்துறை ஏரிகளில் ஆக்கிரமிப்பை அகற்ற 2007-ஆம் ஆண்டிலேயே தனிச் சட்டம் வந்துவிட்டது. அதன்படி முதலில் எல்லையை அளக்க வேண்டும். அளவுதான் ஆரம்பம்.

ஆண்டுதோறும் மே, ஜூன் வாக்கில் தாலுகா அலுவலகத்தில் ஜமாபந்தி நடக்கும். கிராமக் கணக்குகள் எல்லாம் ஒரே இடத்தில், அதிகாரிக்கு முன்னால் விரிந்து கிடக்கும் நாள் அது. நீர்நிலை விஷயத்துக்கு அதைவிட நல்ல நாள் எனக்குத் தெரிந்து இல்லை. ஆனால் பட்டா மாறுதலுக்குப் போகிறவர்கள்தான் அந்தக் கூட்டத்தில் நிறைய.

இதெல்லாம் சமவெளியின் கதை. மலைக்கு ஏறினால் “யாருடையது” என்ற கேள்வியே வேறு முகம் காட்டும்.

கல்வராயன் மலை நெடுங்காலம் சடையக் கவுண்டன், குறும்பக் கவுண்டன், ஆரியக் கவுண்டன் என்று மூன்று ஜாகிர்தார்களின், அதாவது பரம்பரை நிலக்கிழார்களின் கையில் இருந்தது. 1976-இல்தான் ஜாகிர் போய் மலை அரசிடம் வந்தது. நாடு சுதந்திரம் அடைந்து ஏறக்குறைய முப்பது ஆண்டுக்குப் பிறகு! அதனால் தலைமுறை தலைமுறையாகச் சாமையும் மரவள்ளியும் போட்ட கொல்லைக்குக் காகிதம் இல்லாத மலையாளிப் பழங்குடிக் குடும்பங்கள் ஏராளம். பாதை போட வேண்டுமா, குழாய் பதிக்க வேண்டுமா, நடுவில் காப்புக்காடு வந்துவிடும். “இது வனத்துறை இடம், நாங்கள் ஒன்றும் செய்ய முடியாது” என்ற பதிலைக் கேட்டுத் திரும்பியவர்களை நான் வாராவாரம் பார்க்கிறேன்.

அந்தப் பதில் முழு உண்மை இல்லை. வன உரிமைச் சட்டம் 2006-இன் மூன்றாம் பிரிவின் இரண்டாம் உட்பிரிவை மலைப்பக்கம் பொதுக் காரியம் பார்க்கிற ஒவ்வொருவரும் மனப்பாடமாக வைத்திருக்க வேண்டும். பள்ளி, மருத்துவமனை, அங்கன்வாடி, ரேஷன் கடை, மின்கம்பி, குடிநீர்க் குழாய், சிறு பாசன வாய்க்கால், சாலை என்று பதின்மூன்று வகை வசதிகளுக்கு, ஒவ்வொன்றுக்கும் ஒரு ஹெக்டேருக்குக் குறைவான வன நிலத்தைத் தரலாம். ஹெக்டேருக்கு 75 மரத்துக்கு மேல் வெட்டக்கூடாது. கிராமசபை பரிந்துரைக்க வேண்டும். அந்தப் பரிந்துரைத் தீர்மானம் இல்லாமல் எத்தனை மனு எழுதினாலும் கோப்பு நகராது. தீர்மானம் இருந்தால் மாவட்ட வன அலுவலர் அதற்குப் பதில் சொல்லியே ஆக வேண்டும்.

நில உரிமைக்கும் இதே சட்டம்தான். பழங்குடியினர் 2005 டிசம்பர் 13-க்கு முன்பிருந்தே அந்த நிலத்தில் இருந்திருக்க வேண்டும். அதிகபட்சம் நான்கு ஹெக்டேர். ஆதாரம் என்றதும் எல்லோரும் பயந்துவிடுகிறார்கள். விதிகளைப் படித்தால் தைரியம் வரும். வீடு, கல் வரப்பு, கிணறு, மூதாதையர் புதைத்த இடம், சாமி இருக்கும் இடம், இவை எல்லாமே ஆதாரம். உரிமை கோருபவர் அல்லாத ஊர்ப் பெரியவர் சொல்வதை எழுத்தில் எடுத்தால் அதுவும் ஆதாரம். சேராப்பட்டுப் பக்கம் ஒரு குக்கிராமத்தில் இப்படி எழுதி எடுத்துக்கொண்டிருந்தபோது ஒரு பெரியவர், “தம்பி, எங்கப்பன் வச்ச பலாமரம் அங்க நிக்குது, அதையும் எழுதிக்க” என்றார். எழுதிக்கொண்டேன். பலாவின் வயதைப் பார்த்தவர்கள் சந்தேகப்பட மாட்டார்கள்.

தனிநபர் நிலத்துக்கு ஒரு படிவம், கடுக்காய், தேன், புளி எடுக்கும் சமூக உரிமைக்கு வேறு படிவம், காட்டையே ஊர் காப்பாற்றி நிர்வகிக்கும் உரிமைக்கு இன்னொன்று. எல்லோரும் முதல் படிவத்தோடு நின்றுவிடுகிறார்கள். சுற்றுச்சூழல் என்று பார்த்தால் மூன்றாவதுதான் கனமானது. காட்டுத்தீயையும் மரக்கடத்தலையும் தடுக்க ஊருக்கே சட்டப்படி அதிகாரம் தருவது அதுதான்.

ஆக, மலையிலும் கீழேயும் எல்லாப் பாதையும் கிராமசபைக்குத்தான் போகிறது. ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று ஆண்டுக்கு ஆறு நாள். மார்ச் 22 உலகத் தண்ணீர் நாள்; நீர்நிலைத் தீர்மானத்தை அன்றைக்கு வைத்துக்கொண்டால் தட்டிக்கழிக்க எல்லோரும் கூச்சப்படுவார்கள். இந்த வழக்கமான கூட்டங்களுக்கு, ஐந்நூறு பேர் வரை உள்ள ஊராட்சி என்றால் 50, மூவாயிரம் வரை 100, பத்தாயிரம் வரை 200, அதற்கு மேல் 300 பேர் வர வேண்டும். இந்த எண்ணிக்கை சேரவில்லை என்றால் பிறகு வீட்டுக்கு வீடு தீர்மான நோட்டு வரும், கையெழுத்துக் கேட்டு. தீர்மானம் எழுதாத வெற்றுப் பக்கத்தில் கையெழுத்துப் போடாதீர்கள். இதை நான் கண்டிப்பாகவே சொல்வேன், உறவுக்காரர் வந்து நின்றாலும்.

கூட்டத்தில் பேசிவிட்டு வந்தால் போதாது. நீங்கள் கேட்டது தீர்மானப் புத்தகத்தில் ஏறியிருக்க வேண்டும். அதற்கு எளிய வழி, தீர்மானத்தை நீங்களே முன்கூட்டி நான்கைந்து வரியில் எழுதிக் கொண்டுபோவது. என்ன வேண்டும், எந்த சர்வே எண், எந்தத் துறை, அவ்வளவுதான். ஊராட்சிச் செயலர் பல நேரம் நன்றி சொல்வார். அவருக்கும் எழுதுகிற வேலை மிச்சம். தலைவரை எதிரியாக்கிவிட்டு எதுவும் நடக்காது என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுகிறேன். கூட்டத்துக்கு நாலு நாள் முன்பே அவர் வீட்டுக்குப் போய், “அண்ணே, இப்படி ஒண்ணு வைக்கப்போறோம்” என்று சொல்லிவிடுவது நல்லது. மேடையில் திடீரென்று மடக்கினால் கைதட்டல் கிடைக்கும், காரியம் கிடைக்காது.

கிராமசபைத் தீர்மானத்தால் என்ன ஆகும் என்று சிரிப்பவர்களுக்கு ஒடிசாவின் நியமகிரியைச் சொல்வேன். 2013-இல் உச்ச நீதிமன்றம் கிராமசபைகளிடமே கேட்கச் சொன்னது; பன்னிரண்டு கிராமசபைகளும் பாக்சைட் சுரங்கம் வேண்டாம் என்றன, சுரங்கம் வரவில்லை. நம் மதுரை மேலூர்ப் பக்கமும் இப்படி ஒன்று உண்டு. அரிட்டாபட்டி டங்ஸ்டன் சுரங்கத்துக்கு எதிராக 2024 நவம்பரில் கிராமசபைகள் தீர்மானம் போட்டன, மக்கள் பேரணியாக நடந்தார்கள், சட்டமன்றமும் தீர்மானம் போட்டது. 2025 ஜனவரியில் ஒன்றிய அரசு ஏலத்தை ரத்து செய்தது.

தகவல் உரிமைச் சட்டத்தைப் பற்றி நிறையப் பேர் எழுதிவிட்டார்கள். பத்து ரூபாய் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப், முப்பது நாளில் பதில், வராவிட்டால் மேல்முறையீடு. ஏன் செய்யவில்லை என்று கேட்காதீர்கள். ஏனென்பதற்குப் பதில் கிடையாது. எஸ்டிமேட் நகல், அளவுப் புத்தக நகல், வேலை உத்தரவு நகல் என்று காகிதத்தைப் பெயர் சொல்லிக் கேளுங்கள்.

மரம் நடுவது, குப்பை பொறுக்குவது பற்றி எனக்குக் கொஞ்சம் கசப்பு உண்டு. பேனர் பிடித்துப் படமெடுத்துவிட்டுப் போன கன்றுகளை ஆடு தின்றதைப் பார்த்துச் சலித்தவன். ஏரிக்கரை என்றால் வெளிச்சரிவில் பனங்கொட்டை ஊன்றுங்கள். ஆடி, ஆவணியில் விழுகிற பழத்தைப் பொறுக்கி மழைக்கு முன் புதைத்தால் போதும். தண்ணீர் ஊற்ற ஆள் வேண்டாம், ஆடும் அவ்வளவாகத் தொடாது. மேகம் அருவி, பெரியார் அருவி பக்கம் சுத்தம் செய்யக் கல்லூரிப் பிள்ளைகளை அழைத்துப் போகிறவர்கள் வனச்சரக அலுவலகத்தில் எழுத்துப்பூர்வ அனுமதி வாங்காமல் காட்டுக்குள் காலெடுத்து வைக்கக்கூடாது, முக்கியமாகக் கோடையில். 2018 மார்ச்சில் தேனி மாவட்டம் குரங்கணியில் 23 உயிர்கள் காட்டுத்தீயில் போயின. அருவியில் பொறுக்குவதில் பாதி உடைந்த மது பாட்டில்தான். நீலகிரியில் 2022-இல் உயர் நீதிமன்றம் தலையிட்டபின் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்கி, காலி பாட்டிலைக் கொடுத்தால் திருப்பித் தரும் முறை வந்தது. பாட்டிலை நாம் பொறுக்குவதைவிட இப்படியொரு முறையை நம் மலையில் ஒழுங்காக நடத்தச் சொல்லி விடாமல் கேட்பது உருப்படியான வேலை.

இனி ஆபத்தான பகுதி. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி கருணாபுரத்தில் விஷச்சாராயம் அறுபதுக்கும் மேற்பட்டவர்களைப் பலிகொண்டது. அதன்பிறகு கல்வராயன் மலை மக்களின் வாழ்நிலையைச் சென்னை உயர் நீதிமன்றம் தானாகவே வழக்காக எடுத்துக்கொண்டது. சாராயம் பற்றிய பேச்சு சாலைக்கும் மருத்துவத்துக்கும் பிழைப்புக்கும் போய்ச் சேர்ந்தது சரியான திருப்பம்தான். ஆனால் ஊரில் சாராயம், மணல், கல் குவாரி என்று கை வைக்கிறவர்கள் தனியாக வைக்காதீர்கள். முறப்பநாட்டில் மணல் கடத்தலைப் புகார் செய்த கிராம நிர்வாக அலுவலர் லூர்து பிரான்சிஸ் 2023 ஏப்ரலில் தம் அலுவலகத்திலேயே வெட்டிக் கொல்லப்பட்டார். திருமயம் பக்கம் குவாரி முறைகேட்டை எதிர்த்த ஜகபர் அலி 2025 ஜனவரியில் லாரி ஏற்றிக் கொல்லப்பட்டார். இந்த மாதிரி விஷயத்தில் வீரம் காட்டுவதில் எனக்கு உடன்பாடு இல்லை. சாராயத்துக்கு 10581 என்ற எண் இருக்கிறது. மற்றதற்குத் தனிப் பெயரில் மனு வேண்டாம். கிராமசபைத் தீர்மானமாகவோ, ஐம்பது பேர் கையெழுத்தாகவோ போகட்டும். பேஸ்புக்கில் லாரி எண்ணோடு படம் போடுவதற்கு முன் வீட்டில் உள்ளவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள்.

ஐம்பது பேர் எங்கிருந்து வருவார்கள்? மலையில் ஆண்களில் பலர் கேரளத்துக்கும் கோவைக்கும் வேலைக்குப் போயிருப்பார்கள். பொங்கலுக்கும் ஊர்த் திருவிழாவுக்கும்தான் வருவார்கள். மரவள்ளி பிடுங்கும் காலத்தில் கூட்டம் வைத்தால் நாற்காலிதான் இருக்கும். ஊரில் எப்போதும் இருப்பவர்கள் பெண்கள். தண்ணீர் எந்த ஓடையில் எந்த மாதம் வற்றும், விறகுக்கு எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பது அவர்களுக்குத்தான் துல்லியமாகத் தெரியும். வன உரிமைக் குழுவில் மூன்றில் ஒரு பங்காவது பெண்கள் இருக்க வேண்டும் என்று விதியே இருக்கிறது. நடைமுறையில் அவர்கள் பெயர் மட்டும் இருக்கும், கணவர் வந்து உட்கார்ந்திருப்பார். மகளிர் குழுக் கூட்டம் நடக்கிற அன்று மாலை அங்கேயே போய்ப் பேசுங்கள். தனியாக ஒரு கூட்டம் கூட்ட வேண்டியதில்லை.

அடுத்த கிராமசபைக்கு உங்கள் தெருவிலிருந்து பத்துப் பெண்களையாவது அழைத்துப் போங்கள். கையில் சர்வே எண்ணோடு ஒரு தீர்மானம் எழுதி வைத்திருக்கட்டும். அதைப் படிப்பதும் அவர்களில் ஒருவராகவே இருக்கட்டும்.